நாயகியின் கையில் நீர்: ஃபேண்டஸி எழுதத் தொடங்குபவர்களுக்கு

ஃபேண்டஸி கதை எழுத உட்கார்ந்ததும் நாயகிக்கு என்ன சக்தி என்பதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். நீர் என்று முடிவாகிவிட்டால் சில காட்சிகள் கூப்பிடாமலே வந்து நிற்கும். அவள் ஆற்றில் விழுவாள், சாகாமல் எழுவாள், கண்கள் நீலமாக ஒளிரும், கடைசிப் போரில் ஓர் அலை எதிரிப் படையை வாரிக்கொண்டு போகும். எழுதி முடித்துப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் நீர் இருக்கும். நாயகி மட்டும் முதல் அத்தியாயத்தில் இருந்த அதே ஆளாக இருப்பாள்.

நீர் எதைக் குறிக்கிறது என்று யோசித்திருப்போம். தூய்மை, மறுபிறப்பு, தாய்மை என்று பட்டியலும் போட்டிருப்போம். அவள் அந்த நீரை என்ன செய்கிறாள் என்று யோசித்திருக்க மாட்டோம். குறியீடு வினைச்சொல்லில்தான் உயிர் பிடிக்கிறது. முதல் அத்தியாயத்தில் ஒரு நீரைக் கண்டு விலகுகிறாள், கடைசி அத்தியாயத்தில் அதே நீரில் இறங்குகிறாள் என்றால், விலகியதற்கும் இறங்கியதற்கும் நடுவில் நடந்ததுதான் உங்கள் நாவல். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்து பார்ப்பதற்காகத்தான்.

1. முதலில் அவளுடைய பயம்

நீரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இவள் எதைச் செய்ய அஞ்சுகிறாள்? துணிச்சல்காரி, பிடிவாதக்காரி, அன்பானவள் என்ற குணப் பெயர்கள் இங்கே உதவாது. பயம் ஒரு செயலாக இருக்க வேண்டும். "யாரையும் நம்பி முதுகைக் காட்ட மாட்டாள்", "எதையும் விட்டுக்கொடுக்க முடியாதவள்", "தன் பெயரைச் சொல்ல மாட்டாள்" என்பதுபோல.

உதாரணத்துக்கு ஒருத்தியை வைத்துக்கொள்வோம். பெயர் தாழை, வயது 17. மலைமேல் ஒரு கோட்டை, அதற்குள் ஒரே ஒரு கிணறு. தாழையின் அம்மா கோட்டைக்கு நீர் இறைப்பவள். ஒருநாள் கிணற்றடியில் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. "போ, போய்த் தொலை" என்று மகள் கத்துகிறாள். மறுநாள் தூர் வார இறங்கிய அம்மா மேலே வரவில்லை. அன்றிலிருந்து தாழை வாய் திறந்து எதையும் கேட்பதில்லை, மறுப்பதில்லை, கோபப்படுவதும் இல்லை. அவளுக்கான வாக்கியம்: "தன் சொல் ஆளைக் கொல்லும் என்று நம்புகிறாள், அதனால் பேச அஞ்சுகிறாள்."

இந்த வாக்கியம் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். நீர் வேலை செய்யப்போவது இந்தப் பயத்தின்மேல்தான்.

2. எந்த நீர்?

"நீர்" என்று பொதுவாக ஒன்று கதைக்குள் வர முடியாது. ஆறு, கிணறு, கடல், மழை, பனிக்கட்டி, சதுப்பு என்று ஏதோ ஒன்றாகத்தான் வரும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. நம் திணை மரபில் நீரும் கருப்பொருள்களில் ஒன்று. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் காட்டாறு, மருதத்துக்கு ஆறும் பொய்கையும், நெய்தலுக்குக் கடலும் உவர்க்கேணியும், பாலைக்கு வற்றிப்போன சுனை. கூடவே கூடல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உரிப்பொருள். நீரைச் சொன்னாலே மனநிலையும் கூட வந்துவிடும். கவிஞர் தனியாக விளக்க வேண்டியதில்லை. உங்கள் கற்பனை உலகத்துக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை. ஒரு நிலம், ஒரு நீர், ஒரு மனநிலை என்ற முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. அதற்கு அக்கரை உண்டு. மேலே ஒருவர் கலந்த நஞ்சு கீழே இருப்பவர் வாய்க்கு வந்து சேரும். எனவே பிரிவு, துரத்திப் போவது, ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் அனுபவிப்பது ஆகியவற்றுக்கு ஆறு பொருந்தும். ஆதிமந்தி கதையை நினைத்துப் பாருங்கள். கரிகாலன் மகள், கணவன் ஆட்டனத்தியைக் காவிரி அடித்துக்கொண்டு போகிறது. அவள் செய்வது ஒன்றே ஒன்று: புனலின் பின்னாலேயே போகிறாள், கடல்வரை. கடல் அவனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது. ஆறு பறிக்கிறது, கடல் தருகிறது, நடுவில் ஒரு பெண் நடக்கிறாள். இதில் நீரைப் பற்றிய வர்ணனை இல்லாவிட்டாலும் கதை நிற்கும். அவள் நடக்காவிட்டால் நிற்காது.

கடல் கண்ணுக்கு எட்டியவரை நீர், ஆனால் குடிக்க முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைக் குடித்தால் உப்பை வெளியேற்றவே உடம்பு தன்னிடமுள்ள நீரையும் செலவழிக்க வேண்டும், தாகம் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு கிடைத்தாலும் போதாதவள், அதிகாரத்தையோ அன்பையோ குடிக்கக் குடிக்கக் காய்ந்துபோகிறவள் உங்கள் நாயகி என்றால், அவளைக் கடல்மேல் படகில் வையுங்கள்.

பனிக்கட்டிக்கு ஒரு விசித்திரம் உண்டு. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, அடர்த்தி குறைந்து மேலே மிதக்கிறது. அதனால் ஏரி மேலிருந்துதான் உறையும், அடியில் 4 டிகிரி நீர் உறையாமல் இருக்கும், மீன் உயிரோடு இருக்கும். வெளியே இறுகி உள்ளே உயிரை வைத்துக் காப்பாற்றுகிற ஒருத்திக்கு இதைவிட நல்ல நீர் இல்லை. "அவள் மனம் உறைந்துவிட்டது" என்று எழுதுவதோடு நிற்பவர்கள் அந்த அடிநீரைத் தவறவிடுகிறார்கள்.

சதுப்பு மறக்காது. டென்மார்க்கில் 1950இல் ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்த டோலுண்ட் மனிதனின் உடல் 2,300 ஆண்டுகளுக்கு மேல் பழையது. முகவாயில் முளைத்திருந்த தாடி மயிர்கூட இன்றும் தெரிகிறது. அமிலத்தன்மையும் ஆக்ஸிஜன் இல்லாமையும் சேர்ந்து உடலை அழுகவிடவில்லை. குடும்பம் புதைத்து மறைத்த உண்மையைத் தோண்டப்போகிற நாயகிக்குச் சதுப்பு. மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது யார் கட்டளைக்கும் வராது, வந்தால் நண்பன் பகைவன் பார்க்காது. காத்திருக்கத் தெரியாதவளுக்கு அதைக் கொடுங்கள்.

தாழைக்கு நான் கிணற்றைத்தான் எடுப்பேன். கிணற்று நீர் தானாக மேலே வராது, யாராவது இறைக்க வேண்டும். கிணற்றில் சொன்னது திரும்பி ஒலிக்கும். கிணற்றுக்கு உரிமையாளர் உண்டு, ஆகவே அரசியலும் உண்டு. எல்லாவற்றையும்விட, கிணற்றுக்கு ஒரு வாய் இருக்கிறது. பேச அஞ்சுகிறவளை அதன் முன்னால் தினமும் நிறுத்தலாம்.

ஒரு நாவலுக்கு ஒரு நீர் போதும். இரண்டாவது நீர் வேண்டுமென்றால் அது முதலாவதை எதிர்த்து நிற்க வேண்டும். கிணற்றுக்காரி ஒருநாள் ஆற்றைப் பார்க்கிறாள், யாரும் இறைக்காமலேயே நீர் ஓடுவதைக் கண்டு மிரள்கிறாள் என்றால் சரி. அழகுக்காக ஓர் அருவி, காதலுக்காக ஒரு குளம் என்று சேர்த்துக்கொண்டே போனால் எதுவும் மனதில் தங்காது.

3. நீர் முதலில் நீராக இருக்கட்டும்

குறியீடு தோற்கிற கதைகளில் பெரும்பாலும் நீர் நனைக்காது, கனக்காது, குளிராது. வெறும் ஒளியாக மிதக்கும். வாசகரின் உடம்பு நம்பாத எதையும் அவர் மனமும் நம்பாது. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த நீரோடு கொஞ்சம் பழகுங்கள். முடிந்தால் கையால், முடியாவிட்டால் பழகியவர்களைக் கேட்டு.

கிணற்றில் வாளி விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெறும் வாளி நீரைத் தொட்டதும் மூழ்காது, மிதந்துகொண்டு போக்குக் காட்டும். கயிற்றைப் பக்கவாட்டில் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். வாளி சாயும், விளிம்பால் நீரை மொண்டு ஒரு விழுங்கு விழுங்கி அமிழும். அடுத்தது அதைவிட முக்கியம். வாளி நீருக்குள் இருக்கும்வரை கைக்குக் கனமே தெரியாது, நீர் அதைத் தாங்கிக்கொள்கிறது. மேற்பரப்பை விட்டு வாளி எழும் அந்த நொடியில் முழு எடையும் தோளில் விழும். 12 லிட்டர் வாளி என்றால் 12 கிலோ நீர், அதோடு நனைந்த கயிற்றின் எடை.

இதைத் தாழையின் கதைக்குள் வைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும்வரை கனக்காத ஒன்று, மேலே எடுக்கும்போது தோளை இறக்குகிறது. அவள் அம்மாவின் நினைவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். வாளியைப் பற்றிச் சரியாக எழுதினாலே போதும். நம் பழைய இலக்கணக்காரர்கள் உள்ளுறை என்று சொன்னது இதைத்தான்: மேலே நிலத்துக் காட்சி, உள்ளே நெஞ்சின் செய்தி, இரண்டையும் இணைக்கும் "போல" என்ற சொல் மட்டும் இருக்காது.

அம்மாவின் சாவும் இந்தப் பழக்கத்திலிருந்தே கிடைக்கிறது. ஆழ்ந்த, மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் கெட்ட காற்று தங்கும். இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி விட்டுப் பார்ப்பது பழைய முறை. சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் ஆபத்தே இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. தாழையின் அம்மா அன்று விளக்கு இறக்காமல் இறங்கினாள். ஏன்? அதை 20 அத்தியாயங்கள் தள்ளி வாசகருக்குச் சொல்லலாம்.

மற்ற நீர்களுக்கும் இப்படிப்பட்ட நிஜங்கள் உண்டு. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரமே இருந்தாலும் வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை ஓரம்தான் வேகமும் ஆழமும், உள்கரையில் மணல் சேரும். குளிர்நீரில் திடீரென்று விழுந்தால் முதலில் வருவது கட்டுப்படுத்த முடியாத மூச்சுவாங்கல், நீந்தத் தெரிந்தவர்களும் அதில்தான் நீரைக் குடிக்கிறார்கள். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை, வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் சிறு இடைவெளியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும். நீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகிறது, அதனால் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது. சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடுவதால், ஆழம் கூடும்போது ரத்தம் பச்சையும் கருப்புமாகத் தெரியும். ஒரு ஃபேண்டஸி எழுத்தாளருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு காட்சி.

4. மாயத்துக்கு ஒரு விலை

இப்போதுதான் மாயம் வரலாம். விதியை ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும், அவள் பயத்தோடு அது ஒட்டியிருக்க வேண்டும், பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்தோ அவள் ஊரிடமிருந்தோ எதையாவது பறிக்க வேண்டும்.

தாழையின் கிணற்றுக்கு இப்படி வைக்கலாம்: அதன் விளிம்பில் நின்று சொன்ன சொல் எதையும் கிணறு மறக்காது. இறைக்கத் தெரிந்தவர்கள் நீரோடு பழைய குரலையும் மேலே கொண்டுவரலாம். ஆனால் ஒரு குரல் வெளியே வந்தால் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கும். புதிதாக ஓர் உண்மையைக் கிணற்றுக்குச் சொன்னால் ஒரு சாண் ஏறும். பொய் சொன்னால் எதுவும் நடக்காது.

இந்த ஐந்து வாக்கியங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன பாருங்கள். தாழைக்கு அம்மாவின் கடைசிக் குரல் வேண்டும், ஆனால் அதை எடுத்தால் கோட்டையே குடிக்கும் நீர் குறையும். வெளியே முற்றுகை என்றால் ஒரு சாண் என்பது பல உயிர். அவளுடைய ஆசையும் ஊரின் தாகமும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. மட்டம் ஏறும் விதியை முதல் சில அத்தியாயங்களுக்குள்ளேயே விதைத்துவிடுங்கள். விளையாட்டாக ஒரு குழந்தை கிணற்றில் எதையோ ஒப்புக்கொள்கிறது, மறுநாள் படியில் ஈரம் ஒரு கல் மேலே இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் திடீரென்று விதியைக் கண்டுபிடித்துச் சொன்னால் வாசகர் அதை நம்ப மாட்டார்.

நீரைக் கையசைத்து ஏவும் சக்தியை நான் தொடக்கக்காரர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஏவினால் வரும் நீர் எதிர்த்துப் பேசாது. எதிர்த்துப் பேசாத ஒன்றிடம் யாரும் எதையும் கற்பதில்லை. அப்படித்தான் எழுதுவேன் என்றால், அந்த நீர் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்ற ஒரு நிபந்தனையையாவது வையுங்கள். ஒவ்வொரு அலைக்கும் ஏதோ ஓர் ஓடை வற்றட்டும். அது யாருடைய ஓடை என்பது அவளுக்குத் தெரியவரும் அத்தியாயம்தான் கதையின் நடுப்பகுதி.

5. சந்திப்புகளைத் திட்டமிடுங்கள்

நாயகியும் அந்த நீரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாவலில் நாலைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல், அது முந்தைய காட்சியில் இருந்ததாக இருக்கக் கூடாது. தாழைக்கு:

இறைக்கிறாள். விடியலில், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, கிணற்றுக்குள் பார்க்காமல். ஊரில் அவள் ஊமை என்றே நினைக்கிறார்கள். வாசகருக்கு இந்தக் கட்டத்தில் துணியின் காரணம் தெரியக் கூடாது.

ஒட்டுக்கேட்கிறாள். வாளியோடு யாரோ ஒருவருடைய குரல் வருகிறது. கோட்டைத் தலைவன் 30 ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு சத்தியம். அவள் செய்ய வேண்டியது வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடுவது. ஓடாமல் கடைசிச் சொல்வரை நிற்கிறாள். பயம் முதல் முறையாக ஆர்வத்திடம் தோற்கிறது.

திருடுகிறாள். அம்மாவின் குரலைத் தேடி இரவில் ஒவ்வொரு குரலாக வெளியே எடுக்கிறாள். மட்டம் இறங்குகிறது. பகலில் வரிசையில் நின்று ஒரு செம்பு நீருக்கு அடித்துக்கொள்பவர்களுக்கு அவளே ஊற்றித் தருகிறாள். கதையின் நெருக்கடி இங்கேதான். நாயகி குற்றவாளியாக வேண்டும். இந்த இடத்தில் மனம் இரங்கி அவளைக் காப்பாற்றிவிடாதீர்கள். அவள் எடுத்ததில் ஒரு சாணாவது ஒரு குழந்தையின் பங்காக இருக்கட்டும், அந்தக் குழந்தையை வாசகருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

இறங்குகிறாள். விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்த்துவிட்டு, அம்மா செய்யாமல் விட்டதைச் செய்துவிட்டு. அடியில் சேற்றில் அம்மாவின் எலும்பைக் கண்டெடுப்பது என்று எழுதத் தோன்றும். எனக்கு அதைவிட, சுவரில் தூர் வாரும் கத்தி ஆழமாகச் செருகியிருப்பது போதும். ஏற முயன்றிருக்கிறாள். தானே விட்டுப் போகவில்லை.

பேசுகிறாள். அம்மாவின் குரலைத் தேடுவதை நிறுத்தி, தன் குரலைக் கிணற்றுக்குக் கொடுக்கிறாள். அன்று கத்தியதை, அதற்குப் பிறகு திருடியதை, எல்லோரும் கேட்கும்படி. ஒரு சாண் ஏறுகிறது.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது: முதல் காட்சியில் அவள் நீரை எடுக்கிறாள், கடைசியில் கொடுக்கிறாள். எடுப்பது, கொடுப்பது, விலகுவது, இறங்குவது, மூடுவது, திறப்பது என்று முதலுக்கும் கடைசிக்கும் ஒன்றுக்கொன்று எதிரான வினைச்சொற்கள் கிடைத்தால் நடுவில் இருக்கும் காட்சிகள் தாமாக வழிக்கு வரும்.

இன்னொன்று. தீர்மானமான காட்சியில் நீரைத் தொடுவது அவளாகவே இருக்க வேண்டும். சைக்கி என்ற கிரேக்க நாயகியின் கதையில் அவளுக்கு ஒரு கடும் சோதனை வருகிறது: செங்குத்துப் பாறையிலிருந்து விழும், பாதாள உலகத்து நதியான ஸ்டிக்ஸின் நீரை ஒரு பளிங்குக் குப்பியில் பிடித்து வர வேண்டும். நாகங்கள் காவல் இருக்கின்றன, நீரே "விலகிப் போ" என்று எச்சரிக்கிறது. அருமையான காட்சி. ஆனால் குப்பியை வாங்கிப் போய் நிரப்பித் தருவது ஒரு கழுகு. புராணத்தில் அதற்கு இடம் உண்டு, தெய்வங்களின் தயவு அங்கே பெரிய விஷயம். இன்று ஒரு நாவலில் கழுகு வந்தால் பயணம் கழுகுடையதாகிவிடும்.

6. மற்றவர்களுக்கு அதே நீர் வேறு

இதைப் பலர் செய்வதில்லை, செய்தால் கதை சட்டென்று பெரிதாகிறது. உங்கள் நீர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்னவாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். தாழைக்குக் கிணறு குற்றம். கோட்டைத் தலைவனுக்கு அது சாட்சி, அதனால்தான் கல் போட்டு மூடத் துடிக்கிறான். முற்றுகையில் நிற்கும் காவலனுக்கு அது தாகம் மட்டுமே, குரலாவது ஒன்றாவது. பாட்டிக்கு அது இறந்துபோன கணவனோடு பேசும் இடம், தாழை திருடிய குரல்களில் அந்தக் கணவனுடையதும் ஒன்று. ஒரே கிணற்றடியில் இந்த நாலு பேரையும் நிற்க வைத்தால் உரையாடலை நீங்கள் கஷ்டப்பட்டுத் தேட வேண்டியிருக்காது.

7. தேய்ந்த நீர்ச் சொற்களைக் களையுங்கள்

தமிழில் நம் வாயில் நீர் நிறைய இருக்கிறது. துன்பக் கடல், கண்ணீர் வெள்ளம், நினைவலைகள், அன்பு மழை, ஆசை ஊற்று, மனம் கரைந்தது, கோபம் கரைபுரண்டது, வார்த்தைகள் அருவியாய்க் கொட்டின. மற்ற கதைகளில் இவை இருந்துவிட்டுப் போகட்டும். நீரையே குறியீடாக வைத்த கதையில் இவை ஒவ்வொன்றும் உங்கள் கிணற்றை நீர்த்துப்போக வைக்கும். படைத்தலைவனின் கோபமும் வெள்ளம், காதலனின் நினைவும் அலை என்றால் உண்மையான நீர் வரும்போது வாசகர் அதையும் அலங்காரம் என்று தாண்டிப் போய்விடுவார்.

கோட்டைக் கதையில் கோபம் கல்லாக இருக்கட்டும், புகையாக இருக்கட்டும், பல்லைக் கடிக்கும் சத்தமாக இருக்கட்டும். கண்ணீரைக்கூடக் கட்டுப்படுத்துங்கள். தாழை நாவல் முழுவதும் அழுவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டு எழுதிப் பாருங்கள், எவ்வளவு புதிய செய்கைகள் கிடைக்கின்றன என்று தெரியும்.

பெயர் வைப்பதிலும் இதே கவனம் வேண்டும். கங்கா, நதியா, சாகரி, வருணிகா என்று பெயரிலேயே நீரை ஊற்றிவிட்டால் மிச்சம் வைக்க ஒன்றும் இருக்காது. தாழை நீரோரத்தில் வளரும் செடி, முள் உண்டு, மணம் உண்டு. அவ்வளவு நெருக்கம் போதும்.

8. இரண்டு பழைய பாதைகள்

பெண் என்றால் நீர்: மென்மை, வளைந்துகொடுத்தல், எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவம் எடுத்தல். இந்த ஒப்பீட்டை நாயகியின் புகழ்ச்சியாக எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளைந்துகொடுப்பவளுக்குப் பயணம் எதற்கு? நீருக்கு வேறு குணங்களும் இருக்கின்றன. அது பாறையை அறுக்கும், அணையில் ஒரு சிறு கசிவைக் கண்டுபிடிக்கும், தான் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போகும், உறைந்தால் கல்லையே பிளக்கும். உங்கள் நாயகிக்குக் கோபம் இருந்தால் அதற்கும் நீரில் இடம் இருக்கிறது.

மற்றது, மூழ்கி எழுந்தால் புதுப் பிறவி. உலகெங்கும் பல சடங்குகளில் இருக்கும் சக்தி வாய்ந்த படிமம் என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அது கதையில் குறுக்கு வழியாகிவிடுகிறது. மூழ்கும் முன் ஒரு தீர்மானம் எடுத்திருந்தால் மட்டும் அவளை மூழ்க விடுங்கள். நினைவிழந்து மிதந்து கரை ஒதுங்கியவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆகவே எதுவாகவும் மாறவில்லை. எழுந்த பிறகு அவள் உடம்பில் ஏதாவது ஒன்று மிஞ்சவும் வேண்டும்: நடுக்கம், காதடைப்பு, மாதக்கணக்கில் போகாத இருமல்.

9. திருத்தும்போது

முதல் வரைவு முடிந்ததும் அச்செடுத்து, நீர் வரும் இடமெல்லாம் நீல மையால் அடிக்கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோடுகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அங்கேயே ஒரு சிறுகதை தெரிய வேண்டும். தொடர்ந்து மூன்று இடங்களில் அவள் அதே செயலைச் செய்தால் ஒன்றை மாற்றுங்கள், ஒன்றை வெட்டுங்கள். 100 பக்கம் நீரே வரவில்லை என்றால் தாகமாகவாவது, காய்ந்த கயிறாகவாவது, வெறும் குடத்தின் ஓசையாகவாவது அதை உள்ளே கொண்டுவாருங்கள். இல்லாத நீரும் நீர்தான்.

அடுத்தது விளக்க வாக்கியங்கள். வரைவில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"வாளி நீரை விட்டு எழுந்தது. கனம் தோளில் விழ, கல்மேல் இரண்டு கால்களையும் ஊன்றினாள். கயிறு உள்ளங்கையைத் தீய்த்தது. விடவில்லை. இத்தனை நாள் ஆழத்தில் புதைத்து வைத்திருந்த குற்ற உணர்வை அவள் இப்போது மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்."

கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டுத் திரும்பப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை, கயிறு இன்னும் இறுகியிருக்கிறது. இப்படிப்பட்ட வாக்கியம் எழுதும்போது நமக்குத் தேவைப்படும், என்ன எழுதுகிறோம் என்று நமக்கே சொல்லிக்கொள்ள. வாசகருக்குத் தேவையில்லை. "ஏதோ", "போல", "ஒருவிதமான", "அர்த்தம் புரிந்தது" என்ற சொற்களைத் தேடிப் பார்த்தால் இந்த வாக்கியங்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு வேறு ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நீர் எதைக் குறிக்கிறது என்று புரிந்ததா என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் பள்ளிக்கூடப் பதில் சொல்வார். எந்த இடத்தில் தாகம் எடுத்தது, எந்த இடத்தில் அவளைக் கிணற்றடிக்குப் போகவிடாமல் தடுக்கத் தோன்றியது, கடைசியில் அவள் ஏன் குரலைத் தேடுவதை நிறுத்தினாள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால் திருத்த வேண்டியது கடைசிக் காட்சியாக இருக்காது. அவள் திருடிய இரவுகளுக்குத் திரும்பிப் போங்கள். குழந்தையின் பங்கு குறைந்தது அங்கே போதுமான அளவு வலிக்காமல் இருக்கும்.